அதிவிடய மூட்டையில் ஒரு நட்சத்திரம்

போன மாதம் பிரதீப் போன் செய்தான். பெங்களூர் பீன்யாவில் நான் வேலை பார்த்த மூலிகை மருந்துக் கம்பெனியில் இப்போது அவன்தான் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைவன். நான் இருந்த காலத்தில் புதிதாக வந்து சேர்ந்து, புதிதாக வாங்கிய ஜீன் பார்க்கும் இயந்திரத்தோடு குடித்தனம் நடத்தியவன்.

“மேடம், இனிமே எல்லாத்தையும் ஜீன்லயே பார்த்துக்கலாம்னு மேல சொல்றாங்க. வேர் சீவுற மெஷினை எடைக்குப் போட்டுடலாமாம். நீங்க என்ன சொல்றீங்க? புதுப் பசங்களுக்குப் படிக்கக் குடுக்கறேன், நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன்” என்றான்.

அந்த மெஷின் மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது. என் இடது கைக் கட்டைவிரலில் அது கொடுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. விற்கட்டும், வேறு நல்லதாக வாங்கட்டும். ஆனால் எழுது என்று கேட்டால் எனக்கு எழுத வருவது நான் பயந்த கதை ஒன்றுதான்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி வருகிற ரகம். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று ஆபீஸிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறேன். “உன் வியாதிக்குச் சம்பளம் குடுக்கற ஒரே கம்பெனி அதுதான்” என்று என் கணவர் கிண்டல் செய்வார். அவர் சொன்னது உண்மைதான்.

அப்பா மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மல்லேஸ்வரத்தில் வீடு. வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் கன்னடம். தாவரவியல் முதுகலை முடித்து, 1991இல் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இலை, பட்டை, வேர், விதை என்று மூட்டை மூட்டையாக வரும். மூட்டை மேல் எழுதியிருக்கும் பெயரும் உள்ளே இருக்கும் சரக்கும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. கீழாநெல்லி என்று வரும் மூட்டையில் கீழாநெல்லியின் பங்காளிகள் எல்லோரும் வந்திருப்பார்கள். காய்ந்து நொறுங்கிய பிறகு அண்ணன் யார், தம்பி யார் என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. அதை மாற்றிச் சொன்னால் மருந்து வேலை செய்யாது, அவ்வளவுதான். அதிவிடயத்தில் மாற்றிச் சொன்னால் குழந்தை செத்துப்போகும்.

அதிவிடயம் இமயமலைப் பக்கம் விளைகிற சின்ன வேர். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். வெளியே சாம்பல் வெளுப்பு, உடைத்தால் மாவு வெள்ளை, வாயில் வைத்தால் கசப்பு. பல் முளைக்கிற குழந்தைகளுக்கு வரும் காய்ச்சல், பேதிக்குக் கொடுக்கிற பொடியில் அதுதான் முக்கியச் சரக்கு. நாபி அதன் கூடப்பிறந்தது மாதிரி. ஒரே பேரினம், ஒரே மலை, வேரின் உருவமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் நாபி கொடிய விஷம். கொஞ்சம் உள்ளே போனாலே நாக்கு மரத்து, எச்சில் வடிந்து, வாந்தி எடுத்து, இதயம் தாறுமாறாக அடித்து நின்றுவிடும். இரண்டுமே எங்கள் குடோனில் இருந்தன. நாபியைப் பாலில் வேகவைத்து விஷத்தை முறித்து மூட்டுவலி மாத்திரையில் சேர்ப்பார்கள். சுத்தி செய்வது என்று அதற்குப் பெயர்.

எனக்கு மேலதிகாரி டாக்டர் நஞ்சுண்டய்யா. மைசூர்க்காரர், எங்கள் எல்லோரோடும் பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டவர். எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் நாக்கில் வைத்துப் பார்ப்பார். “பேருக்கு ஏத்த வேலைதான் சார் பண்றீங்க” என்று குடோன் ஆட்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். நாக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்று மதியம் வரை காபி குடிக்க மாட்டார், பாக்கு போட மாட்டார். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, வேரின் மேற்பக்கத்திலிருந்து கடுகளவு சுரண்டி நாக்கு நுனியில் வைப்பார். முன்பல்லால் மெதுவாக மெல்லுவார். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு துப்பி, மறுபடி கொப்பளித்து, சுவரைப் பார்த்தபடி காத்திருப்பார். நாபியாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் உதடு சுருசுருவென்று மரத்துவிடும். அந்த நேரம் முழுவதும் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த வழியில் போவது என்று மனசுக்குள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. நான் பதறினால், “ஸ்வல்ப தாளம்மா வசந்தம்மா” என்பார். கன்னடத்தில் கொஞ்சம் பொறு என்று அர்த்தம். நாக்கு ஒரு சாட்சி, மைக்ராஸ்கோப் ஒரு சாட்சி, ரசாயனம் ஒரு சாட்சி, மூன்றும் ஒன்றையே சொன்னால்தான் பெயர் எழுத வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். அதுவரை யார் கேட்டாலும் ‘தெரியவில்லை’ என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் எம்.டி.யே வந்து நின்றபோதும் “தெரியலை சார்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மைக்ராஸ்கோப் என் பொறுப்பு. வேரை ஒரு நாள் ஊறவைத்து, மெழுகுத் தாளைவிட மெலிசாகக் குறுக்கே சீவி, சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். அதிவிடயமாக இருந்தால் நீர் ஏறும் குழாய்க் கொத்துகள் சின்னச் சின்ன வட்டங்களாகத் தள்ளித் தள்ளி நிற்கும். ஒன்றை ஒன்று தொடாது. நாபியில் அந்தக் கொத்துகளை எல்லாம் ஒரே கோடு இணைத்துக்கொண்டு, உள்ளே மடங்கி வெளியே நீண்டு, நட்சத்திரம் மாதிரி ஓடும். ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது.

ரசாயனம் என்பது, வேரின் சாற்றை வெள்ளைப் பொடி பூசிய கண்ணாடித் தகட்டின் அடியில் ஒரு சொட்டு வைத்து, தகட்டை ஒரு கரைப்பான் திரவத்தில் நிறுத்துவது. திரவம் மெதுவாக மேலே ஏறும்போது சாற்றில் உள்ள பொருட்களையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில் தங்கும். பிறகு மருந்து தெளித்தால் ஆரஞ்சு நிறப் பொட்டுகள் எழும்பும். அதிவிடயத்தின் பொட்டு ஓர் உயரம், நாபியின் பொட்டு வேறு உயரம். ரசாயனப் பிரிவுக்கு வேலை அதிகம், அதனால் தகடு எப்போதும் கடைசியில்தான் வரும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் பிரதீப்பும் அவன் இயந்திரமும் வந்தார்கள். வேரிலிருந்து ஜீனை எடுத்துப் பெருக்கி, நாபிக்கு ஒரு கோடு, அதிவிடயத்துக்கு ஒரு கோடு என்று புற ஊதா விளக்கின் கீழ் காட்டிவிடுவான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பயந்தவளுக்குச் சாட்சி கூடக் கூட நல்லதுதானே. ஆனால் மேலே இருந்தவர்களுக்கு வேறு கணக்கு. நாக்கும் ஜீனும் சரி என்றால் அரைக்க ஆரம்பித்துவிடலாம், மைக்ராஸ்கோப்பும் தகடும் பின்னால் வரட்டும், பாட்டிலில் அடைப்பதற்குள் வந்தால் போதும் என்று உத்தரவு போட்டார்கள். அரைத்த பொடி எங்கள் கையெழுத்து இல்லாமல் கேட்டைத் தாண்டாது, அப்புறம் என்ன பயம் என்று கேட்டார்கள். நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்து முதல் வேலையாகக் குடோனிலிருந்து அதிவிடயம் சோதனைக்கு வந்தது. நஞ்சுண்டய்யா நாக்கில் வைத்தார். வெறும் கசப்பு, மரப்பு இல்லை. பிரதீப் பல வேர்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் சுரண்டிச் சேர்த்துப் பார்த்தான். அதிவிடயக் கோடு பளிச்சென்று வந்தது, நாபிக் கோடு வரவேயில்லை. வியாழக்கிழமை காலையில் மில் ஓடத் தொடங்கியது. என் வேர்கள் முந்தின நாளிலிருந்து ஊறிக்கொண்டிருந்தன.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சீவ உட்கார்ந்தேன். முதலில் எடுத்த சில வேர்கள் வெண்ணெய் மாதிரி வந்தன. அடுத்து எடுத்ததில் பிளேடு வழுக்கியது. ஊறியும் ஊறாத மாதிரி, ஓரத்தில் கண்ணாடித்தனமாக இருந்தது. பச்சரிசியைக் கடித்தால் மாவாக உடையும், வடித்த சோற்றைக் காயவைத்துக் கடித்தால் கண்ணாடியாக உடையும் அல்லவா, அந்த வித்தியாசம். இந்த வேர் வெந்திருக்கிறது என்று உடனே புரிந்தது. அதிவிடயத்தை யாரும் வேகவைப்பதில்லை.

அவசரத்தில் இரண்டு மூன்று சீவல்கள் கிழிந்தன. ஒன்று முழுசாக வந்தது. சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நட்சத்திரம். ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஓரத்தில் மாவு வெந்து கூழாகி நீலமாகக் குழம்பியிருந்தது. நடுவில் மாவுமணிகள் குண்டு குண்டாக அப்படியே இருந்தன. மேலே வெந்து விஷம் முறிந்திருக்கிறது. நடுவில் வேகவே இல்லை.

நஞ்சுண்டய்யா வந்து குனிந்து பார்த்தார். நிமிரவேயில்லை. “நான் மேல்பக்கம்தானே சுரண்டினேன்” என்றார் மெதுவாக. அவர் முகம் வெளுத்துப்போனதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பிரதீப்பின் பதிலும் அதோடு விளங்கிவிட்டது. அவன் சுரண்டியதும் மேற்பக்கம்தான். வெந்த பக்கத்தில் ஜீன் நைந்துபோயிருக்கும், கோடு வராது. இயந்திரம் பொய் சொல்லவில்லை. இருந்ததைச் சொல்லியிருக்கிறது.

நாபி எப்படி உள்ளே வந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் குடோனில் பச்சை நாபி மூட்டைக்குச் சிவப்பு நூலால் தையல் போடுவார்கள். சுத்தி செய்து, தோல் சீவி, காயவைத்த பிறகு அது விஷமில்லை, மருந்து என்பது வழக்கம். அதனால் வெள்ளை நூல் தையல் போடுவார்கள். ஆயுத பூஜைக்குக் குடோனைக் கழுவிச் சுத்தம் செய்யும்போது அரை மூட்டை, கால் மூட்டைகளை ஒன்றோடு ஒன்று சேர்ப்பதும் வழக்கம். பெயர்ச் சீட்டு விழுந்துபோன ஓர் அடிமூட்டை. வெள்ளை நூல், வெள்ளை வேர், வாயில் வைத்தால் மரப்பு இல்லை. எங்களைப் போலவே குடோன் ஆட்களும் பார்த்துவிட்டு அதிவிடயத்தோடு கொட்டிவிட்டார்கள்.

மில்லுக்கு ஓடினேன். “நிறுத்துங்க முனிராஜு, எல்லாத்தையும் நிறுத்துங்க” என்றேன். மில் ஓட்டுகிற முனிராஜு சுவிட்சைத் தட்டினார். அரைத்த பொடி எல்லாம் டிரம்மில்தான் இருந்தது. மூடி போட்டு சீல் வைக்கச் சொன்னேன். அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடிவதற்குள், பழக்க தோஷத்தில், இன்னொரு கேள்வி கேட்டேன்.

“மில் கழுவின தூள் எங்க?”

ஒரு சரக்கை அரைத்து முடித்து வேறு சரக்குக்கு மாறும்போது, முதலில் கொஞ்சத்தை அரைத்து எடுத்துப் போட்டுவிடுவார்கள். பழைய சரக்கின் மிச்சம் அதில் கலந்திருக்கும் என்பதால் அது மருந்தில் சேராது. குப்பைக்குத்தான் போக வேண்டும். நல்ல சரக்காக இருந்தால் ஆட்கள் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

“மேரி எட்த்துனு போச்சும்மா” என்றார் முனிராஜு. “புள்ளைக்கு ரெண்டு நாளா வயித்தால போவுதுன்னு அரை நாள் லீவு போட்டுச்சு. போறப்ப ஒரு பொட்டலம் கட்டிக் குட்த்தேன்.”

லூர்து மேரி பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தவள். வீடு விவேக் நகரில். கணவன் ஓசூரில் ஒரு பட்டறையில் வேலை, வாரம் ஒருமுறை வருவான். ஏழு மாதக் குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருவாள். குழந்தையின் பெயர் அந்தோணி. ஞானஸ்நானத்துக்கு எங்களுக்கெல்லாம் கேக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவள் தெருமுனைக் கடைக்கு ஒரு போன் இருந்தது. அதற்குப் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நஞ்சுண்டய்யா என்னைப் பார்த்து, “நீ வண்டியை எடுத்துக்கிட்டுப் போம்மா. நான் அந்த வேரைத் தகட்டுல ஏத்தறேன்” என்றார். முதல்முறையாக அவர் பொறு என்று சொல்லவில்லை.

பீன்யாவிலிருந்து விவேக் நகர் ஊரின் அந்தக் கோடி. யஷ்வந்தபுரத்தில் ஒரு நெரிசல், அதைத் தாண்டினால் அடுத்த சிக்னலில் ஒரு நெரிசல். நான் கம்பெனி வேனின் முன்சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொடுத்திருக்க மாட்டாள், தேன் வாங்கப் போயிருப்பாள், குழந்தை தூங்கியிருக்கும், எழுப்பிக் கொடுக்க மனசு வந்திருக்காது. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒன்றையும் நான் நம்பவில்லை. பிள்ளைக்கு முடியவில்லை என்று அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஓடுகிறவள் கையில் மருந்தை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா.

வீட்டில் நாத்தனார்தான் இருந்தாள். “அண்ணி கோயிலுக்குப் போயிருக்காங்க. இன்னைக்கு வியாழக்கிழமை இல்ல?” என்றாள். வியாழக்கிழமையில் குழந்தை இயேசு கோயில் பக்கம் ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாது. வேனை விட்டு இறங்கி நடந்தேன். மெழுகுவர்த்திக் கடை, பூக்கடை, ஐஸ் வண்டி, ஜனம். எந்தப் பக்கம் பார்த்தாலும் தோளில் குழந்தையைப் போட்ட பெண்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். “மேரி, மேரி” என்று நான் கூப்பிட்டதற்கு அந்த இடத்தில் எத்தனையோ பேர் திரும்பினார்கள்.

மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள். “என்ன மேடம், நீங்களும் வர்றதுண்டா?” என்றாள்.

“அந்தப் பொடி குடுத்தியா?”

“குட்த்தேன் மேடம். பொறப்படறதுக்கு முன்னாடி தேன்ல கொழச்சு நாக்குல தடவினேன். இப்பதான் சத்தம் போடாம இருக்கான். காலைலேருந்து ஒரே அழுகை.”

குழந்தை அவள் தோளில் கன்னத்தை வைத்துக் கிடந்தது. வாயோரம் எச்சில் வழிந்து அவள் புடவையை நனைத்திருந்தது. பல் முளைக்கிற குழந்தைக்கு எச்சில் வழியும். நாபி தின்றாலும் வழியும். அழுது களைத்த குழந்தை துவண்டு தூங்கும். நாபி தின்றாலும் துவளும். நான் அதன் உள்ளங்கையில் விரலை வைத்தேன். எந்தக் குழந்தையும் பிடித்துக்கொள்ளும். அந்தோணி பிடிக்கவில்லை.

“வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

“ஏன் மேடம்? தூங்கறான் மேடம்.”

“வேனில சொல்றேன். நட.”

வேனில் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. குழந்தையை நிமிர்த்தி அதன் முகத்தைப் பார்த்து, “அந்தோணி, டேய், அம்மாவப் பாரு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் குழந்தை வாந்தி எடுத்தது.

டியூட்டியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். “பேதியால தண்ணி வத்திப்போனாலும் இப்படித்தான் இருக்கும். சலைன் ஏத்தினா சரியாயிடும். நாபின்னா அப்படி இல்ல, ஹார்ட்டைப் பார்க்கணும், வேற வார்டு. நாபின்னு கன்ஃபர்ம் பண்ணிட்டீங்களா?” என்று கேட்டார்.

இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு கேள்வியை நான் சந்தித்ததில்லை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு வேர், அதில் ஒரு நட்சத்திரம். தகடு இன்னும் வரவில்லை. நாக்கும் ஜீனும் நாபி இல்லை என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. மேரி கொண்டுபோன பொட்டலத்தில் அந்த வேர்களின் தூள் இருக்கிறதா என்பதே யாருக்கும் தெரியாது. எங்கள் சட்டப்படி நான் சொல்ல வேண்டிய வார்த்தை ‘தெரியவில்லை’ என்பதுதான்.

“கன்ஃபர்ம் இல்ல டாக்டர்” என்றேன். “ஒரு வேர்ல பார்த்தேன். இந்தப் பொடியில இருக்கான்னு எனக்குத் தெரியாது. ஆனா நாபின்னு வெச்சுக்கிட்டுப் பாருங்க. தப்பா இருந்தா என் பேரை எழுதிக்குங்க.”

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டார். குழந்தையை உள்ளே கொண்டுபோய் ஒயர்களை ஒட்டினார்கள். கண்ணாடி வழியாகத் திரை தெரிந்தது. கோடு கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. பிறகு இடறியது. ஒரு துடிப்பு சேர்ந்து வந்து, அடுத்தது வராமல், அப்புறம் இரண்டு அவசரமாக வந்தன. டாக்டர் உள்ளே இருந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். நான் சொன்னது சரி என்று அர்த்தம். அதைப் போல ஒரு கெட்ட செய்தியை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரி போனில் நஞ்சுண்டய்யாவைப் பிடித்தேன். “பொட்டு வந்துடுச்சும்மா. நாபி மட்டத்துலயே வந்திருக்கு” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “குழந்தை?” என்று கேட்டார். “தெரியலை சார்” என்றேன். இருட்டுவதற்குள் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். வந்தவர் மேரியின் எதிரில் நின்றார். பிறகு பெஞ்சின் மறுகோடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மேரி என் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று சொன்னாள். “நீங்கள்லாம் பார்த்த சரக்குன்னுதான் மேடம் யோசிக்காம குட்த்தேன்.” குறை சொல்லிச் சொன்னதாகத் தெரியவில்லை. நடந்ததைச் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை, எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

அந்தோணி பிழைத்துக்கொண்டான். மறுநாள் காலையில் கோடு ஒழுங்கானது. அதற்கு மறுநாள் பால் குடித்தான். கடுகளவு பொடியைத் தேனில் குழைத்து நாக்கில் தடவியதால் தப்பினான், சங்கில் கரைத்துப் புகட்டியிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நஞ்சுண்டய்யா நிர்வாகத்திடம் போய், அந்தச் சரக்கை நாக்கில் வைத்துச் சரி என்று விட்டவன் நான் என்று சொன்னார். ஆனாலும் அதிகம் திட்டு வாங்கியது முனிராஜுதான். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அதன் பிறகு சுத்தி செய்த நாபிக்கும் சிவப்பு நூல்தான் என்று ஆனது. மில் கழுவின தூளை எங்கள் கண்ணெதிரில் எரிக்க வேண்டும் என்று ஆனது. எல்லாச் சாட்சியும் சொல்லி முடிக்கும் வரை மில் ஓடக் கூடாது என்பதும் திரும்பி வந்தது. சாட்சிகளில் ஜீனும் ஒன்றாகச் சேர்ந்தது.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

சில வாரம் கழித்துப் புது அதிவிடயம் வந்தது. ஒவ்வொரு மூட்டையின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் வேர் எடுத்துச் சீவினேன். எல்லாம் தள்ளித் தள்ளி நிற்கிற வட்டங்கள். தகடு சுத்தம். ஜீன் சுத்தம். நாக்குக்கு வேரின் நடுவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், அதுவும் சுத்தம். அரைத்து, கலந்து, பாட்டிலில் அடைத்ததும், அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டேன். லாரி வந்து நின்றுவிட்டது. பேக்கிங் பிரிவைத் தாண்டி நான் போகும்போது மேரி கூப்பிட்டாள். அவள் வேலைக்குத் திரும்பிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

“மேடம், பையனுக்குத் திரும்பவும் வயித்தால போவுது. நாலு பல்லு ஒண்ணா மொளைக்குது. இந்த சரக்கு நல்லதுதானே? ஒரு பாட்டில் வாங்கினு போய்க் குடுக்கட்டுமா?”

நான்கு சாட்சியும் ஒரே மாதிரி சொன்ன சரக்கு. அன்று காலைதான் என் கையெழுத்து காய்ந்தது.

“வேணாம் மேரி” என்றேன். “டாக்டர்கிட்டயே காட்டிடு.”

அவள் சரி என்று தலையாட்டினாள். கையிலிருந்த பாட்டிலுக்கு லேபிள் ஒட்டினாள். அட்டைப்பெட்டியில் வைத்தாள். அடுத்த பாட்டிலை எடுத்தபடியே கேட்டாள்.

“அப்போ இதெல்லாம் யார் வூட்டுப் புள்ளைக்கு மேடம் போவுது?”

நான் மாடிக்குப் போய், கொடுத்த கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். லாரி காலியாகத் திரும்பியது. காரணம் கேட்டார்கள். காரணம் இல்லை, பயம்தான் என்றேன். பைத்தியமா என்று ஒருவர் நேராகவே கேட்டார். நஞ்சுண்டய்யா மட்டும், “ஸ்வல்ப தாளி சார், அவங்க பார்க்கட்டும்” என்று அவர்களிடம் சொன்னார். எடுத்து வைத்திருந்த வேர்களில் மிச்சம் மீதி எல்லாவற்றையும் ஊறப்போட்டேன். அடைத்த பாட்டில்களிலிருந்து எடுத்துத் தகட்டில் ஏற்றச் சொன்னேன். கட்டைவிரலில் அந்தத் தழும்பு விழுந்தது அப்போதுதான். ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. மறுபடி கையெழுத்துப் போட்டேன்.

போட்டுவிட்டு, நேராகக் கீழே இறங்கி மேரியிடம் போனேன். “குடுக்கலாம்” என்றேன்.

“சரி மேடம்” என்றாள். அன்று மாலை அவள் ஒரு பாட்டிலை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தேன். மறுநாள் காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகப் புறப்பட்டு பீன்யாவுக்குப் போய்விட்டேன். உள்ளே போகாமல் கேட்டருகிலேயே நின்றேன். ஷிப்ட் பஸ் வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். மேரி கடைசியில் இறங்கினாள். என்னைப் பார்த்து, “ராத்திரி நல்லாத் தூங்கினான் மேடம்” என்றாள்.

“தூங்கி எழுந்தானா?” என்று கேட்டேன்.